பெயருக்குக் கீழே நாலு லிங்க்

எங்கள் அண்ணி ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர். பன்னிரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அதே அறைதான். "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்பதற்கு மேல் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. கொழுந்தன் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். சாப்பிடும்போது அவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்பவன் நான் ஒருவன்தானே.

சென்ற வருடம் அவசர சிகிச்சைப் பிரிவைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய வாசலைப் பூட்டி, ஒரு வாட்ச்மேனை உட்கார வைத்தார்கள். இணையதள மெனுவிலிருந்தும் பழைய பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அத்தோடு தலைமுழுகியாகிவிட்டது என்று எல்லோருக்கும் நினைப்பு, அண்ணி உட்பட.

ஒருநாள் மதியம் அந்த வாட்ச்மேன் அண்ணியின் அறைக்கே வந்துவிட்டார். மூச்சுத் திணறிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் பூட்டிய கேட்டைத் தட்டியிருக்கிறார். புதுக் கட்டடம் மூன்று தெரு தள்ளி. வழியில் போன காரை மறித்து, வாட்ச்மேன்தான் ஏற்றி அனுப்பியிருக்கிறார். நல்லவேளை, குழந்தை பிழைத்துக்கொண்டது.

"தினம் நாலஞ்சு பேர் இப்படி வர்றாங்கம்மா. ஏன் இங்க வந்தீங்கன்னு கேட்டா போனத்தான் காட்டுறாங்க."

அண்ணி தேடுபொறியில் மருத்துவமனையின் பெயரைத் தட்டினார். முதலில் இணையதளம் வந்தது. அதன் கீழே நாலு லிங்க். இரண்டாவது, 'அவசர சிகிச்சை: வாசல் எங்கே?' தொட்டால் பழைய முகவரி! மெனுவில்தான் அந்தப் பக்கம் இல்லையே தவிர, உயிரோடுதான் இருந்திருக்கிறது.

அன்றிரவு அண்ணி சாப்பிடவே இல்லை. மறுநாள் மருத்துவமனை இயக்குநர் முன்னால் போய் நின்றார். அவரோ வேறு உலகத்தில் இருந்தார்.

"அந்த நாலு எடத்துல ஒண்ணுல என் வாழ்த்துரையப் போடச் சொல்லும்மா."

"யாரும் சொல்லிப் போட முடியாது சார். மெஷினே பாத்து எடுக்குது. எந்தப் பக்கத்துக்கு நிறைய லிங்க் வருது, தலைப்பு தெளிவா இருக்கா, தேடுறவங்களுக்கு உதவுமான்னு பாக்கும். நம்ம புதுப் பக்கம் எல்லாத்துக்கும் 'நாற்பதாண்டு நம்பிக்கை'ன்னு ஒரே தலைப்பு. எது எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாப் பக்கத்துக்கும் அந்தத் தலைப்பை வைக்கச் சொன்னவரே இயக்குநர்தான்!

"அப்ப பழசை அழிச்சிடு."

"அழிச்சா, தொடுறவங்களுக்கு வெத்துப் பக்கம் வரும் சார். புள்ளையத் தூக்கிட்டு ஓடுறவங்களுக்கு அதையா காட்டுறது?"

அதிர்ந்து பேசாத அண்ணி இப்படிக் கேட்டார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னமோ பண்ணு" என்றாராம். அது போதும் அண்ணிக்கு.

பழைய லிங்க்கைத் தொட்டாலும் புதுப் பக்கமே திறக்கும்படி அன்றைக்கே செய்துவிட்டார். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்கும் ஒவ்வொன்றாகத் தலைப்பு மாற்றினார். ஒவ்வொரு துறையின் பக்கத்திலிருந்தும் அவசர சிகிச்சைக்கு ஒரு லிங்க் கொடுத்தார். மூன்று வாரம் பிடித்தது. அதற்குமேல் அவர் கையில் எதுவும் இல்லை. தேடுபொறி தன் இஷ்டத்துக்குத்தான் வந்து பார்க்கும்.

தினமும் காலையில் கண் விழித்ததும் போனை எடுப்பார்.

"என்ன அண்ணி, பரீட்சை ரிசல்ட்டா?" என்று சீண்டுவேன்.

"உனக்கென்ன தம்பி, நீ சொல்லுவ" என்பார்.

ஒருநாள் வந்தேவிட்டது: 'அவசர சிகிச்சை: புதுக் கட்டடம், வடக்கு வாசல்'. நான் கைதட்டினேன். அண்ணி சிரிக்கவில்லை.

"லிங்க் மாறுனா போதுமா? ஜனங்க சரியாப் போறாங்களான்னு தெரியணுமே."

மதிய இடைவேளையில் பழைய வாசலுக்கு நடந்துபோய் வாட்ச்மேனிடம் கேட்பார். ஒருநாள் இரண்டு பேர் என்பார், இன்னொரு நாள் ஒருவர் என்பார். தன் வேலை அறையோடு முடிந்தது என்று நினைக்காத இந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய வாசலுக்குப் பொதுமக்கள் எவரும் வருவதில்லை என்பதால், அங்குள்ள காவலர் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்படுகிறார். அவ்வளவுதான். அண்ணியைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடியும் மறுபடியும் படித்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"யாரோ வாட்ச்மேனை மாத்துனா நீ ஏன் அழற?" என்றான் அண்ணன்.

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தர்கூட வர்றதில்லையாம், தம்பி."