சாக்லேட்டோடு வந்த வட்டம்

இன்று சிங்கப்பூர் தேக்கா மருந்துக் கடையில் எதிர்வீட்டு சாந்தி அக்கா படர்தாமரைக் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

“முழங்காலுக்குப் பின்னால வட்டமா செவந்திருக்கு. காய்ச்சல், உடம்பு வலி வேற. டெங்கு டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல லா.”

“அரிக்குதா?”

“இல்லையே. ஆனா பெருசாகிட்டே போகுது.”

படர்தாமரை என்றால் அரிப்பு உயிரை எடுக்கும். நர்ஸான என்னிடமா இந்தக் கதை?

சட்டென்று நினைவு வந்தது: மகளைப் பார்க்க ஜெர்மனி போய் வந்து போன வாரம் அக்கா கொடுத்த சாக்லேட், என் ஃபிரிட்ஜில் இன்னும் பாதி இருக்கிறது.

“அங்க காட்டுப் பக்கம் நடந்தீங்களா?”

“தினமும்!”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“டெங்கு டெஸ்ட்டுக்கு எதுக்குமா ஜெர்மனி கதை?”

களிம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவைக் கையோடு கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வட்டத்தைப் பார்த்தார், பயணத்தைக் கேட்டார். அங்கே காட்டுப் புல்லில் இருக்கும் உண்ணி கடித்து வரும் லைம் நோய்தான் என்றார். ஆரம்பத்திலேயே வந்ததால் மாத்திரையில் சரியாகிவிடுமாம்.

ஊர் சுற்றி வந்து புளோக் முழுக்க வீடு வீடாக சாக்லேட் கொடுக்கும் மக்களே, டாக்டருக்கும் ஒன்று கொடுங்கள். நீங்கள் எங்கே போய் வந்தீர்கள் என்று அவருக்கும் தெரியட்டும்!