ஆன்டி விழுங்கிய என் மாத்திரை

காசநோய் வந்தால் ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டும். ஆறு மாதம் ஒரே இடத்தில் இருப்பது எனக்கு நோயைவிடப் பெரிய தொல்லை. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஊர் மாறி ஊர்: ஸ்ரீ கெம்பாங்கானில் சோபா தைத்தேன், மேருவில் லோரிக்குச் சாமான் ஏற்றினேன், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி மடித்தேன். எங்கேயும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை.

முதல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை அறையுமாகக் கழிந்தது. அந்த வீட்டில் நோயைச் சொன்னேன். மறுநாள் என் பை மாடிப்படியில் கிடந்தது. அதனால் சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கிள்ளானில் ஒரு ஆன்டியின் வீட்டில் அறை எடுத்தபோது வாயே திறக்கவில்லை.

தினமும் காலையில் ஒரு சுகாதாரத் தொண்டர் அக்கா மோட்டார் சைக்கிளில் வருவார். நான் மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அதோடு எனக்கு வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தார், முடிவெட்டச் சொல்லித் திட்டினார், பேசாமலிருந்த என் தங்கைக்கு என்னைப் போன் போட வைத்தார். இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் கிடையாது. தெருவுக்குள் நுழையும் முன்பே கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். முதல் நாள், யார் என்று ஆன்டி கேட்டதற்கு, “வைட்டமின் விக்கிறேன் ஆன்டி, டைரக்ட் சேல்” என்றார். ஆள் சேர்த்து விற்கும் டைரக்ட் சேல் என்றால் எவரும் கதவைச் சாத்துவார்கள் என்பது அவர் கணக்கு.

இந்த ஆன்டி நாற்காலி போட்டார்.

மாத்திரை வேலை செய்தது. எனக்குக் கன்னம் வந்தது, கொஞ்சம் தொப்பையும் வந்தது. ஆன்டி என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“வந்தப்ப தொடப்பக்குச்சி மாதிரி இருந்தான். எனக்கும் ரெண்டு டப்பா குடும்மா.”

“ஸ்டாக் இல்ல ஆன்டி.”

“எப்பக் கேட்டாலும் ஸ்டாக் இல்ல. என்ன கம்பெனி லா இது?”

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஓய்வு. அன்றைய மாத்திரையைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுவார். ஒரு ஞாயிறு நான் குளித்துவிட்டு வந்தபோது மேசைமேல் வைத்த பொட்டலத்தைக் காணவில்லை. மத்தியானம் குளியலறையிலிருந்து ஆன்டி அலறினார்.

“ஐயோ, ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகுதே!”

அந்த மாத்திரை விழுங்கினால் சிறுநீர் அப்படித்தான் போகும். எனக்கு மாதக்கணக்கில் பழகிய நிறம். அக்காவுக்குப் போன் செய்துவிட்டுப் பையைக் கட்டத் தொடங்கினேன்.

“பைய கட்டுறதுல மட்டும் சுறுசுறுப்பு. கீழ வை,” என்றபடி அக்கா உள்ளே வந்தார். எனக்கு மறு பங்கு மாத்திரை கொண்டு வந்திருந்தார். முதலில் அதை விழுங்க வைத்தார். பிறகு கிளினிக்குக்குப் போன் செய்தார். ஒரு வேளைதானே, நாளைக்குள் நிறம் போய்விடும் என்றார்கள். அப்புறம் ஆன்டியின் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார்.

“டிபி மருந்து ஆன்டி. தம்பிக்கு.”

“அப்ப வைட்டமின்?”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“என் நாத்தனார்கிட்டகூடச் சொல்லி வச்சிருக்கேனே! நாலு பேர் சேர்றேன்னாங்க!”

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. “அவன் போகட்டும்,” என்றார்.

“இவன் ஓடுறவன் ஆன்டி. இங்கேருந்து போனா மாத்திரைய விட்டுடுவான். விட்டா நோய் திரும்பும், இந்த மருந்துக்கு அடங்காது. அப்ப பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்களுக்கெல்லாம் ஒட்டும். இப்ப ஒட்டாது. நம்பலன்னா நாளைக்கே என்கூட வாங்க, எக்ஸ்ரே எடுத்துடலாம்.”

நான் கதவோரம் நின்றிருந்தேன், பெறுவதா திருப்பி அனுப்புவதா என்று தெரியாத பார்சல் மாதிரி. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். பேருந்து நிலையம் வரை மனசு ஏற்கெனவே போயிருந்தது.

ஆன்டி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, “தட்டு, கிளாஸ் எல்லாம் தனி,” என்றார்.

தட்டால் பரவாது என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தார். நான் கண்ணைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

மீதி மூன்று மாதமும் ஒரு பச்சை பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டேன். மீன் குழம்பு நன்றாகவே இருந்தது.