உஷ் அக்காவும் செங்குருகும்

மனிதக் குரல் கேட்டாலே எரிந்து விழுகிற ஒருத்தி, எதற்காக ஞாயிறுதோறும் ஐந்து பேரை இழுத்துக்கொண்டு பறவை பார்க்கப் போகிறாள்? அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன்.

எல்லாரும் ‘உஷ் அக்கா’ என்று அழைக்கும் அவளுக்குப் பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. பஸ் வரவில்லை, நடத்துநர் முறைத்தார், குடையைக் காணோம் என்று ஊரே அவள் காதில்தான் வந்து அழும். ஞாயிற்றுக்கிழமையாவது காதுக்கு ஓய்வு வேண்டுமென்று ஆற்று நடுவிலிருக்கும் தீவுக்குப் போனாள். இரு கரையிலும் அடுக்குமாடிகள், தலைக்குமேல் ரயில் பாலம். ஆனாலும் வடக்கு முனையில் நாணல் புதர் இருந்தது. அதற்குள் செங்குருகு இருந்தது. ஆள் அரவம் கேட்டால் அலகைத் தூக்கி நாணலோடு நாணலாக நின்றுவிடும் பறவை. மூன்று குளிர்காலமாகத் தேடியும் அக்காவின் கண்ணில் படவில்லை.

குளிர்காலத்தில் ஆறு பேராக வந்தால்தான் காவலாளி அந்தப் பக்கத்துக் கதவைத் திறப்பார். வேறு வழியில்லாமல் அக்கா ஆள் பிடித்தாள்: தையல்காரர், அவர் மனைவி, பல் டாக்டர், டாக்டரின் மாமியார். அதற்குமேல் யாரும் சிக்காததால், வாய் ஓயாத கொழுந்தன்.

கடைசி ஞாயிறு. மறுநாள் நாணலை அறுத்துவிடுவார்கள். விட்டால் அடுத்த குளிர்காலம்தான்.

“அண்ணி, கால் மரத்துப்போச்சு. அந்தக் குருகுக்கெல்லாம் குளிராதா?”

“உஷ்!”

“கம்பளிச் சட்டை போடுன்னு அப்பவே சொன்னேன்ல?” என்றார் தையல்காரர், மனைவியிடம்.

“நீங்க தச்சதுதானே? போட்டா கையத் தூக்க முடியல,” என்றாள் மனைவி.

மாமியார் சரசரவென்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்.

அக்காவுக்குப் பொறுமை போயிற்று. நாணலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கிசுகிசுக் குரலிலேயே பொரிந்து தள்ளினாள். “இனி யாராவது ஒரு வார்த்தை பேசினா நான் ஆத்துல குதிச்சிடுவேன். இருமக் கூடாது. மெல்லக் கூடாது.”

ஐந்து பேரும் சிலையானார்கள். மாமியாரின் பிஸ்கட் வாய்க்கருகே நின்றது. அப்பாடா, மண்டையில் ஏறிவிட்டது என்று அக்காவுக்கு உற்சாகம், மேலும் திட்டினாள். கொழுந்தன் மட்டும் புருவத்தை ஏற்றி இறக்கினான்.

“என்னடா புருவத்த நெளிக்கிற? அதுக்கும் சேர்த்துதான் சொல்றேன்!”

பின்னால் படபடவென்று சிறகோசை. அவள் திரும்பியபோது நாணல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“என்ன அது?”

யாரும் பேசவில்லை.

“வாயைத் திறந்து தொலைங்களேன்!”

“செங்குருகு, அண்ணி. உங்க முதுகுக்குப் பின்னாடியேதான் நின்னுச்சு.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க ஆத்துல குதிச்சிட்டா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?”

அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், “எப்படி இருந்துச்சு?” என்றாள்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். தொண்டை நடுவே தையல் ஓட்டினதுபோல ஒரு கோடு என்றார் தையல்காரர். அலகு மஞ்சள் என்றார் டாக்டர். “என் பிஸ்கட்டையே பாத்துச்சும்மா,” என்றார் மாமியார். காவலாளி கதவைப் பூட்ட வரும்வரை அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அடுத்த குளிருக்கும் வந்து தொலைங்க,” என்றாள் கடைசியில்.

“வர்றோம் அண்ணி. நீங்க மட்டும் நாணல் பக்கம் பாத்து நில்லுங்க.”

இதைப் படித்தவர்கள், பறவை பார்க்கப் போகிற நாலு பேருக்காவது சொல்லுங்கள்: அடுத்தவர் தோளைத் தட்டுவது பேச்சில் சேராது.