பெரிதாகப் பழக்கமில்லை

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய ஆசிரியை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். ஐடியல் அமெரிக்கன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரிடம் என்னென்ன குணங்கள் இருக்க வேண்டும் என்பது கேள்வி. ஜனாதிபதிகள், விளையாட்டு வீரர்கள், நடிகர்கள் கூடாது. நேரில் தெரிந்த ஒருவரைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும்.

அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அப்பார்ட்மெண்ட் இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் கீழே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. மனைவி இறந்துவிட்டார், மகன் டொராண்டோவில். ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவருக்கு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். பனி கொட்டிய நாட்களில் தன் கார்க் கண்ணாடியைச் சுரண்டியதும் பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று கார்களின் கண்ணாடியையும் சுரண்டிவிட்டுத்தான் போவார். எங்கள் கார் அதில் எப்போதும் இருக்கும். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். என் கணவரும்.

மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது என் கணவர் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை போய், அது கிடைக்காமல் அங்கேயே நான்கு மாதம் மாட்டிக்கொண்டார். அந்தச் சமயத்தில் எனக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வலியில் கதவைத் திறக்கக்கூட முடியவில்லை. மகள்தான் கீழே ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். மருத்துவமனையில் என்னைச் சேர்த்ததும் அவர்தான். நான் அங்கே இருந்த நான்கு நாளும் லீவு போட்டுவிட்டு, அவளைப் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போய், தலை பின்னத் தெரியாமல் ரப்பர் பேண்ட் மட்டும் போட்டு அனுப்பி, மாலையில் இடியாப்பம் செய்து கொடுத்தார்.

அன்றைய பேட்டி முடிந்து மேலே வந்தவள், அவர் சிரித்துக்கொண்டே மறுத்ததைச் சொன்னாள். "நான் இன்னும் அமெரிக்கனே இல்லை, பிள்ளை. இப்பத்தான் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கிறன்" என்றாராம். அது பரவாயில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினாள். பனி சுரண்டியது இருந்தது. பள்ளி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கார்கள் நின்று போக ஸ்டாப் சைன் வேண்டும் என்று டவுன்ஷிப் ஊராட்சிக் கூட்டத்தில் அவர் எழுந்து மூன்று நிமிடம் பேசியது இருந்தது. வாக்குரிமை இல்லாதபோதும் பள்ளிக்குழுத் தேர்தலில் நிற்பவர்கள் சொல்வதையெல்லாம் படித்து, கட்டடத்தில் வாக்குள்ளவர்களிடம் விளக்கியது இருந்தது. மேல்வீட்டுக்காரர்களுக்கு அவர் குடும்பத்தில் ஒருவர் மாதிரி என்று எழுதியிருந்தாள். மூன்று குணங்களைச் சொல்லியிருந்தாள்: அக்கம்பக்கத்தைத் தன் வீடுபோல் நினைப்பது, உண்மையைச் சொல்வது, அதைப் பயப்படாமல் சொல்வது.

நான் அந்த டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போகவில்லை. என் மகளும் நிற்கும் பஸ் ஸ்டாப்தான். ஆனால் மைக்கில் பேசினால் பெயரும் முகவரியும் பதிவாகும் என்று கணவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கிரீன் கார்டுக்காகப் பதினோரு வருடமாகக் காத்திருந்தோம். இந்த நாட்டில் நல்லவராக இருப்பது என்றால் யார் கண்ணிலும் படாமல் இருப்பது என்று எங்களுக்குள் எப்படியோ பதிந்துபோயிருந்தது. போலீஸிடம் அபராத டிக்கெட் வாங்காமல் வண்டி ஓட்டுவது, வரியை நேரத்துக்குக் கட்டுவது, எதிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது. இத்தனை வருடத்தில் நான் ஒரு புகார்கூடக் கொடுத்ததில்லை. அதை ஒரு தகுதி மாதிரி நினைத்திருந்தேன்.

கட்டுரை கொடுக்க இரண்டு நாள் இருந்தது. மாலை நான்கு மணி இருக்கும். மகள் பள்ளி விட்டு வந்து டைனிங் டேபிளில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய்த் திறந்தேன். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சாதாரண உடையில் நின்றார்கள். கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை. கீழ்வீட்டுக்காரரின் குடியுரிமை விண்ணப்பம் சம்பந்தமாக அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருப்பதாக அந்தப் பெண் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த மாதங்களில் எங்கள் வாட்ஸாப் குழுக்களில் வந்ததெல்லாம் ஒன்றுதான்: யார் வந்து எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். கணவரின் விசா எக்ஸ்டென்ஷன் அப்போது முடிவாகாமல் இருந்தது. அவர் அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"பெரிதாகப் பழக்கமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "பார்த்தால் ஹலோ சொல்வோம்."

"எத்தனை வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறீர்கள்?"

"எட்டு வருடம்."

"எட்டு வருடம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "அவர் நல்ல மனிதர் என்று சொல்வீர்களா?"

"சொல்லும் அளவுக்குத் தெரியாது. எல்லோரும் வேலையில் பிஸியாக இருக்கிறோம்."

அந்த ஆண் எதையோ குறித்துக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மகள் தோசையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூ லைட், அம்மா." நான் பொய் சொன்னேன் என்கிறாள்.

"உனக்குப் புரியாதுடா. அப்பாவோட எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு. நாம எதுலயும் மாட்டிக்கக் கூடாது."

அவர் தன்னை நான்கு நாள் பார்த்துக்கொண்டாரே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஐ ஆம் எ சிட்டிசன்" என்றாள். "நான் சொல்றேன்." இந்த இரண்டு சொல்லையும் தமிழில் சொன்னாள். அவள் தானாகத் தமிழில் பேசுவது அபூர்வம். கை கழுவாமல், செருப்புப் போடாமல், படியில் ஓடினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கார் ஒன்று பார்க்கிங்கிலிருந்து வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர்கள் கவனிக்கவில்லை.

கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீ பண்ணதுதான் கரெக்ட்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அங்கிள்கிட்ட இதச் சொல்லிட்டு இருக்காதே" என்றார். சென்னையிலிருந்து நான்கு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது ஏர்போர்ட்டில் நின்று அழைத்துவந்ததும் அங்கிள்தான். அது கணவருக்கும் நினைவு வந்திருக்கும். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மகள் கட்டுரையைக் கொடுக்கவில்லை. ஆசிரியையிடமிருந்து மெயில் வந்தது. ஏன் என்று கேட்டேன். மேல்வீட்டுக்காரர்களுக்கு அவர் குடும்பம் மாதிரி என்று எழுதியிருக்கிறேனே, அது உண்மையில்லையே, பின் எப்படிக் கொடுப்பது என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கில் விடை தப்பாக வந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

பத்து நாள் நான் அங்கிளைத் தவிர்த்தேன். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே லாண்டரிக்குப் போனேன். அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மாடியிலேயே நின்றேன். மகள் மட்டும் வழக்கம்போல் கீழே போய்வந்துகொண்டிருந்தாள். அவள் அவரிடம் எதையாவது சொல்லியிருப்பாளோ என்று பயமாக இருந்தது. கேட்கவும் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாங்க முடியாமல் நானே போய்க் கதவைத் தட்டினேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கோ தங்கச்சி, இருங்கோ" என்று கையைத் துடைத்துக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபோதே நான் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்காது. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ."

"பெருசா பழக்கமில்லைன்னு சொன்னேன், அங்கிள்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நானும் இதையேதான் சொன்னனான், தங்கச்சி. ஊரில. ஆமிக்காரர் வந்து பக்கத்து வீட்டு மாஸ்டரைப் பற்றிக் கேட்டவங்கள். ஒரே மதில். என்ர மகனுக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதுவிச்சது அந்த மனுசன்தான். எனக்குப் பயம். பெரிசாப் பழக்கமில்லை எண்டு சொன்னன். நல்லவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. அண்டைக்குப் பின்னேரம் அவரை ட்ரக்கில ஏத்திக்கொண்டு போனவங்கள். பிறகு ஆரும் அவரைக் காணேல்லை."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"இந்த சிட்டிசன்ஷிப் ஃபோர்மை நான் எத்தினையோ வருசமாப் போடேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, எல்லாரும் ஏன் போடேல்லை எண்டு கேக்கிறவை. நல்ல நடத்தை உள்ளவரோ எண்டு அதில பாக்கிறாங்கள். ஆருக்கும் கெடுதல் செய்தனீங்களோ எண்டு கேள்வி. என்னத்தை எழுதுறது? நான் அடிக்கேல்லை, காட்டிக்குடுக்கேல்லை. இல்லை எண்டு போட்டன். அது பொய்யோ மெய்யோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

"என்னை மன்னிச்சிடுங்க அங்கிள்."

"உங்களில கோபமில்லை. இங்க ஒருத்தரையும் ட்ரக்கில ஏத்தேல்லை. ஆனா உங்களைப் பாக்க இப்பக் கொஞ்சம் கஷ்டமாக் கிடக்கு. என்னையே பாக்கிற மாதிரி இருக்கு."

தேநீர் குடிக்காமல் மேலே வந்தேன்.

அன்றே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். அவருடைய குடியுரிமை நேர்முகத்துக்கு அவர் எடுத்துச் செல்லலாம் என்று எண்ணம். அலுவலகத்தில் மருந்துச் சோதனை அறிக்கைகளை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் நான். ஒரு மனிதன் நல்லவன் என்று எழுத மதியம் முழுக்க ஆயிற்று. மகள் வாங்கிப் படித்தாள். அந்த அதிகாரிகளிடம் நீ சொன்னதையும் இதில் எழுத வேண்டும் என்றாள். எழுதினேன். அவரைத் தெரியாது என்று முன்பு சொன்னேன், அது உண்மையல்ல, பயத்தில் சொன்னது என்று.

கணவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "நம்ம பேரு, அட்ரஸ் எல்லாம் போடணுமா?"

"அட்ரஸ் போடாம பக்கத்து வீடுன்னு எப்படிச் சொல்றது?"

"நீயே ஆபீசர்கிட்ட பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கற. நாளைக்கு நம்ம ஃபைல எடுத்துப் பார்த்தா?"

எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடிதத்தை அங்கிளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் குடுக்கமாட்டன், தங்கச்சி. உங்களுக்குத்தான் பிரச்சினை வரும். ஒரு பிள்ளை இருக்கு உங்களுக்கு."

"பரவாயில்லை அங்கிள், குடுங்க."

"வேண்டாம். நீங்கள் எழுதினதே காணும்."

எனக்கு அது போதவில்லை. ஆனால் நான் வற்புறுத்தவும் இல்லை. கடிதம் கைக்குத் திரும்பி வந்ததில் எனக்குள் எங்கோ ஓர் ஆறுதல் இருந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

நேர்முகத்துக்குப் பின் இரண்டு மாதம் அவருக்கு ஒன்றும் வரவில்லை. என் மூன்று நிமிடங்கள்தான் காரணமோ என்று தினமும் நினைத்தேன். எதுவும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பிறகு ஒரு நாள் உறுதிமொழி எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எங்கள் மூவரையும் அழைத்தார். கணவர் மீட்டிங் இருக்கிறது என்றார். நானும் மகளும் அவரோடு போனோம்.

நூறு பேருக்கு மேல் இருந்த கூடம். ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்ல, அந்நாட்டவர்கள் எழுந்து நின்றார்கள். இந்தியா என்றதும் ஒரு கூட்டமே எழுந்தது. இலங்கை என்றபோது அவர் ஒருவர்தான். கோட்டுப் போட்டு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பலமாகக் கைதட்டினாள். நானும் தட்டினேன். வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னபோது அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அப்போது அவர் யாரை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன். அவர் முன்னால் உட்கார்ந்து மடியில் சான்றிதழ் உறையை வைத்திருந்தார். பின்னால் இருந்து மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், வேறு யாரையாவது பற்றி விசாரிக்க அவர்கள் மறுபடி வந்தால் நீ என்ன சொல்வாய் என்று.

"தெரியும்னு சொல்வேன்" என்றேன்.

"ஓகே" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரின் எக்ஸ்டென்ஷன் அன்றுவரை வந்திருக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அழைத்தார். மகள் அவர் பின்னால் போனாள். எனக்கு ஆபீஸ் போன் கால் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் படியேறினேன். அப்படி எந்த அழைப்பும் இருக்கவில்லை.