வெடியில்லாத தலைதீபாவளி

நாகரசம்பட்டியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ‘வெடிக்குப் பயந்த மாப்பிள்ளை.’

சென்ற வாரம் கார்த்திகைக்கு மாமனார் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“வாங்க மாப்ள. தைரியமா வாங்க. இன்னிக்கு வெளக்கு மட்டுந்தான், வெடி கிடையாதுங்க.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கறையாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இந்தப் பெயர் எப்படி வந்தது? பறவையைப் படம் பிடிக்கப் போய் வந்தது.

எனக்குக் கல்யாணம் ஆனது இந்த ஆவணியில். வேலை ஓசூர் தாலுகா ஆபீஸில். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று மாமனார் கேட்டனுப்பினார். மோதிரமா, கைக்கடிகாரமா? கேமரா என்றேன். மனுஷன் மறுபேச்சுப் பேசவில்லை. மாந்தோப்பு வேலையெல்லாம் போட்டுவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய், ஒரு பெட்டி கேமராவும் இரண்டு ஃபிலிம் சுருளும் வாங்கி, ஆயுத பூஜைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மகளும் மருமகனும் ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

எனக்கோ பறவைப் பித்து. முதல் சுருளை எடுத்துக்கொண்டு நேரே ஏரிக்கரைக்குப் போனேன். எட்டுப் படம். எட்டும் கொக்கு. கழுவி வந்த பிறகு பார்த்தால் எட்டிலும் ஏரி இருந்தது. கொக்கைத்தான் காணோம். ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தில் வெள்ளையாக எதையோ தொட்டுக் காட்டி, “இது கொக்கா சார், இல்ல தூசியா?” என்று கேட்டார். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டி கேமராவுக்குத் தூரத்து விஷயம் எதுவும் எடுபடாது. எட்டடி, பத்தடிக்குள் பறவை வர வேண்டும். வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அசையக் கூடாது. வெள்ளை வேட்டியோடு போகவே கூடாது. இதெல்லாம் நமக்குத் தெரிந்து என்ன... பறவை ஒத்துழைக்க வேண்டாமா?

வழி சொன்னவள் என் மனைவி சரசு.

“எங்க தோப்புக்கு வாங்க. ஐப்பசி பொறந்தா மாங்குயிலு வந்துரும். கெணத்தடி அத்திமரத்துல பழம் தின்ன தெனமும் வருமுங்க.”

அத்தி அடிமரத்திலேயே காய்க்கும். பழம் தாழ்வாக இருந்தால் பறவையும் தாழ வரும். மரத்தை ஒட்டி ஒரு கொட்டகை, அதில் ஒரு ஜன்னல். வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். எனக்கு லீவு கிடைத்தது தீபாவளியன்று மட்டும்தான். அதுவும் தலைதீபாவளி. விடியும்போதே மாப்பிள்ளை கையால் முதல் வெடி, அதைத் தொடர்ந்து தெரு முழுக்க வெடி. தோப்போ தெருவுக்கு நேர் பின்னால். மாங்குயில் இருக்குமா?

முதல் நாள் சாயங்காலம் சரசு இதை அப்பாவிடம் சொன்னாள். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கூடை வெடி வாங்கி வைத்திருந்தார் அவர். கூடையை ஒரு தரம் பார்த்தார்.

“குருவி ஓடிப்போயிருமா?”

“ஓடிரும்ப்பா.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர், விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். “எல்லா ஊட்டுலயும் சொல்லிப்புட்டேன். வெயில் ஏர்ற வரைக்கும் நம்ம தெருவுல ஒருத்தனும் பத்த வைக்க மாட்டான். நீங்க போயி நெதானமா புடிங்க மாப்ள.”

தீபாவளியன்று காலையில் ஒரு தெருவையே சும்மா இருக்கச் செய்வது லேசான காரியமா? நான் அசந்துபோனேன். எப்படிச் செய்தார் என்பது மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தபோது தெரிந்தது.

சரசுவின் சித்தப்பா வந்து என் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

“கூச்சப்படாதீங்க மாப்ள. எங்க ஊட்டு எருமகூட மொதல்ல வெடிச் சத்தத்துக்கு மெரண்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. போகப் போகப் பழகிருச்சுங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சித்தப்பாவையே கேட்டேன். எனக்கு வெடி என்றால் ஆகாது, சத்தம் கேட்டால் மயக்கமே வந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சாம்.

மாமனாரைத் தேடிப் போனேன். “மாமா, யார் இப்படிக் கிளப்பிவிட்டது?”

“நாந்தான்,” என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. “குருவிக்காக வெடிய நிறுத்துன்னா எவனாச்சும் கேப்பானா? சிரிச்சுட்டுப் போயிருவான். புது மாப்ளைக்கு ஆகாதுன்னு சொன்னேன். மறுபேச்சு இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க.”

கோபம் வந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? முறுக்கு மீசை வைத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தவன் நான்... இனி இந்தத் தெருவில் எப்படி நடப்பது? ஆனால் மானம் ஏற்கெனவே போய்விட்டது. படமாவது மிஞ்ச வேண்டும். புது வேட்டிக்கு மேல் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து ஊர்களில் வெடிச் சத்தம் லேசாகக் கேட்டது. எங்கள் தெருவில் மட்டும் ஒரு சத்தம் இல்லை. குழந்தை குட்டி உள்ள வீடுகள் எல்லாம் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தன. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் பெயர் மட்டுமா கெட்டது? ‘பயந்தாங்கொள்ளிக்குப் பொண்ணைக் கொடுத்தவன்’ என்று அவரைத்தானே காலம் முழுக்கச் சொல்வார்கள்? ஊரில் பெரிய மனிதர். பறவையைப் படம் பிடிப்பதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அதற்காகத் தன் பெயரையும் சேர்த்து அடமானம் வைத்துவிட்டு வந்து நிற்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்போது வந்தது மாங்குயில்.

என்ன மஞ்சள் அது! கண்ணோரம் மை தீட்டியது போலக் கறுப்பு. சிவந்த அலகு. எட்டடி தூரத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தைக் கொத்தி, தலையைச் சாய்த்து என் ஜன்னலைப் பார்த்தது. நான் கேமராவை மறந்துவிட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பறந்து போன பிறகுதான் விரலை அழுத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது. எல்லா ஆரம்பக்காரர்களும் செய்கிற தப்பாம் இது.

நல்ல காலம், மறுபடி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். கொட்டகையை விட்டு வெளியே வந்து தலையசைத்ததும், தோப்பு வாசலில் காத்து நின்ற மாமனார் தெரு முனையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அப்புறம் எழுந்த சத்தத்தில் தோப்பில் ஒரு காக்கைகூட மிஞ்சவில்லை.

படம் விழுந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் அலகும் கண்ணும் தெளிவு. அதைத்தான் கார்த்திகைக்குக் கொண்டுபோனேன். மாமனார் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“மஞ்ச எங்க மாப்ள?”

கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்று விளக்கினேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அதனால என்ன? அதுதான்னு நமக்குத் தெரியுமில்ல,” என்று அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

ஏன் பூட்ட வேண்டும்? “எல்லாருக்கும் காட்டலாமே மாமா. விஷயம் தெரிந்தால் என் பெயரும் சரியாகிவிடும், உங்கள் பெயரும் சரியாகிவிடும்.”

“காட்டலாந்தான்,” என்றார். “ஆனா, குருவிக்காகன்னு தெரிஞ்சா அடுத்த வருசம் எவனும் வெடிய நிறுத்த மாட்டான். அது பாட்டுக்கு வந்து தின்னுட்டுப் போவட்டும்... நீங்க சொன்னாச் சரி.”

“பூட்டியே இருக்கட்டும் மாமா,” என்றேன். இந்தப் பத்திரிகை அந்த ஊருக்குப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் உங்களிடமாவது சொல்கிறேன்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பி பஸ்ஸுக்காக நின்றோம். சித்தப்பாவும் வழியனுப்ப வந்திருந்தார். எந்த வீட்டிலோ மிச்சமிருந்த ஓலைவெடி ஒன்று எங்களுக்குப் பின்னால் வெடித்தது. டீக்கடை பெஞ்சு மொத்தமும் பதறிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கேமராவைச் சரசு கையில் கொடுத்துவிட்டு, இரண்டு காதையும் கெட்டியாகப் பொத்திக்கொண்டேன்.