எனக்கு ரெண்டு தலை இருந்த படம்

கடற்கரைச் சாலை கேலரில ஒரு பெரிய படம். ஆள் முகமே கலங்கிக் கெடக்கு. "வேணும்னே அப்பிடி எடுத்தது சார்"னு அங்க நின்ன பொண்ணு சொல்லிச்சு. இதே கலைக்கு ஏழு வயசுல அறை வாங்கினவன் நான்.

பிரெஞ்சுக்காரங்க ஊர விட்டுப் போன வருசம். அவங்க பட்டாளத்துல இருந்த எங்க மாமாவும் கப்பலேறணும். கையோட கொண்டுபோக ஒரு குடும்பப் படம். "யாரும் அசையாதீங்க"ன்னுட்டு ஸ்டுடியோக்காரரு கறுப்புத் துணிக்குள்ள பூந்தாரு. அம்மா மூக்க உறிஞ்சிச்சு. அழுவுதான்னு திரும்பிப் பாத்தேன். படத்துல எனக்கு ரெண்டு தலை.

"பாவி, நாளைக்குக் கப்பலுடா! இனிமே எங்கடா எடுக்கறது?"ன்னு அம்மா ஒண்ணு வச்சிச்சு.

மாமா அதத்தான் கொண்டுபோனாரு. கடுதாசி வந்துச்சு: "அக்கா, படத்துல நீங்கள்லாம் செலையாட்டம் ஒக்காந்திருக்கீங்க. இவன் மட்டுந்தான் நம்ம வூட்ல இருக்கறாப்ல இருக்கான்."

"படம் புரியுதா சார்?"னு பொண்ணு கேட்டுச்சு.

மூக்க உறிஞ்சிக்கிட்டே, "ஏசி ஒத்துக்கலம்மா"ன்னேன்.