பத்தாவது ஆள்

எழுபதுகளின் தொடக்கத்தில், சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்றுதான் சொல்ல வருகிறது. அங்கே வேலை பார்த்தேனா, வளர்ந்தேனா என்பதுதான் இந்த அனுபவமே.

எனக்குச் சொந்த ஊர் பெருங்களத்தூர். அப்பா போன பிறகு, சர்ச்சில் தெரிந்தவர்கள் மூலம் பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொல்லைப் பக்கம் ஷெட் போட்டு, மோட்டார் வைத்து, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்திலிருந்து ஒன்பது பேர் வேலைக்கு வருவார்கள். பொழுது சாய்ந்தால் அவரவர் வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். நான் மட்டும் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துக்கொள்வேன்.

காலையில் சமையலுக்கு ஒத்தாசை செய்வேன். அது முடிந்தால் மிஷினுக்கு மிளகாய் போடுவது என் பொறுப்பு. மற்றவர்களுக்குச் சம்பளம் உண்டு, எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் துணிமணிக்குக் குறைவில்லை, கிறிஸ்துமஸ் வந்தால் புதுப்புடவை, எனக்குத் தலைவலி என்றால் அக்காவே தைலம் தேய்த்துவிடுவார். வருகிறவர்களிடமெல்லாம், "இவ எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்வார். அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இன்னும் நாலு மூட்டை மிளகாய் சேர்த்து அரைக்கலாம் போல இருக்கும்.

ஒருநாள் ஓடுகிற மிஷினின் பெல்ட்டில் என் முந்தானை மாட்டிக்கொண்டது. பழைய புடவை, இற்றுப்போயிருந்தது. அதனால் துணி கிழிந்தது, நான் தப்பித்தேன். கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அன்று முழுக்க என்னை எழுந்திருக்கவே விடவில்லை. அதில் துளியும் நடிப்பு இல்லை. ஆனால் அந்த பெல்ட்டுக்கு ஒரு மூடி போட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. "இனிமே முந்தானையை நல்லா இழுத்துச் சொருகிக்கோடி" என்றார். மறுநாள் இழுத்துச் சொருகிக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றேன்.

விஷயம் யார் வாய் வழியாகவோ வெளியே போயிருக்கிறது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார், ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார், ஆட்களை எண்ணிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் நோட்டீஸ் வந்துவிட்டது. மோட்டார் வைத்துப் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாம். அதனால் பெல்ட்டுக்குக் கம்பிக்கூண்டு அடிக்க வேண்டும், தூசியை வெளியே இழுக்க ஃபேன் வைக்க வேண்டும், எல்லாருக்கும் வாரம் ஒருநாள் விடுமுறை தர வேண்டும் என்று இருந்தது.

அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நாலு பொம்பளைங்களுக்குச் சோறு போடறது குத்தமா?" என்று நாள் பூரா புலம்பினார். அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாம் என்றார். அவருடைய வாதம் ரொம்ப எளிது. வேலைக்கு வருகிறவர்கள் ஒன்பதே பேர். வீட்டுப் பெண்ணையும் இன்ஸ்பெக்டர் சேர்த்து எண்ணிவிட்டார். அந்தப் பத்தாவது ஆள் நான்தான். சம்பளம் வாங்காவிட்டாலும் வேலையாள் என்றால் வேலையாள்தான் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அதனால் நான் குடும்பத்து மனுஷி என்பதை நானே வந்து சொல்ல வேண்டும் என்றார்.

விசாரணை அன்று அக்கா தன் புடவைகளிலேயே நல்லதாக ஒன்றை எனக்குக் கட்டிவிட்டார். தாம்பரத்தில் ரயில் ஏறினோம். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டா, நான் இந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு. அதுல பொய் ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"இல்லக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதிகாரி வயதானவர், அதட்டிப் பேசாதவர். முதலில் அக்கா பேசினார். "நான் பெத்த பொண்ணுக்கும் இவளுக்கும் வித்தியாசம் பார்த்ததில்ல சார்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது, கூடவே எனக்கும் கலங்கியது. பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். எதுவரை படித்தாய், என்ன சாப்பிட்டாய் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க சார். பெருங்களத்தூர்ல."

"தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனாச்சே. அடிக்கடி போய்ப் பாப்பியா?"

"இல்ல சார். போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அம்மாவுக்கு டைபாய்டு. வரச்சொல்லி ஆள் அனுப்பினாங்க. அப்ப ஆர்டர் ஜாஸ்தியா இருந்துது, போவ முடியல."

"ஏம்மா, போயிட்டு வந்தா என்ன?"

"மிஷினுக்கு ஆள் இல்ல சார்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வக்கீல் சட்டென்று எழுந்து, "வீட்டுப் பொறுப்பு சார், நல்ல பொண்ணு, அதனால விட்டுட்டுப் போகல" என்று சமாளித்தார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லி, என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. அந்த வீட்டுல பொண்ணா இருக்கியா, வேலைக்கு இருக்கியா?"

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சமும் சந்தேகமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் இருக்க இடம் போய்விடும் என்று தெரிந்தது. ஆனால் அம்மா காய்ச்சலில் கிடந்த அதே சமயத்தில், அக்காவின் மகள் மாம்பலத்தில் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மிஷினுக்கு ஆள் இல்லை என்று அவளை யாரும் தேடவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு அதுவரை பொறாமை வந்ததே இல்லை. அந்த நிமிஷம் வந்தது.

"வேலைக்குத்தான் சார் இருக்கேன்" என்றேன். சொன்னதுமே அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அப்பீல் தள்ளுபடியானது. திரும்பி வரும்போது ரயிலில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இடம் இருந்தும் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை, தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். அவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை அவர் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கம்பிக்கூண்டு வந்தது, ஃபேன் வந்தது, மற்றவர்களைப் போல எனக்கும் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வந்தன. நான் அம்மாவோடு போய் இருந்துகொண்டு, தினமும் வந்துபோக ஆரம்பித்தேன். ஆனால் வேலை விஷயம் தவிர அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த மௌனம் என்னை அறுத்தது. கையில் சம்பளத்தோடு, பேசாமல் பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று அழுதுகொண்டே வீடு திரும்பிய நாட்கள் உண்டு.

சில வருடங்கள் கழித்து அம்மா மறுபடி படுத்த படுக்கையானார். நான் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஆரஞ்சுப் பழங்களோடு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தவர், எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டுவது போல, "உங்க பொண்ணை நான் நல்லாத்தாம்மா வெச்சிருந்தேன்" என்றார்.

அம்மா கோபப்படவில்லை. "நல்லாத்தாம்மா வெச்சிகினு இருந்தீங்க. இல்லேன்னு சொன்னா வாய் அழுவிப்பூடும். நான் கீறேனா பூட்டேனான்னு வந்து பாக்கத்தான் அனுப்பல" என்றார்.

அக்கா ஒரு பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக அம்மாவிடம் கொடுத்தார். முழுப்பழமும் தீர்ந்த பிறகுதான் எழுந்தார். வாசலில், என் முகத்தைப் பார்க்காமல், "அம்மாவுக்கு உடம்பு தேறுற வரைக்கும் கூடவே இரு. மிஷினை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அக்கா என்மேல் வைத்திருந்த அன்பை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனாலும், வேலைக்கு வைத்திருக்கும் பெண்ணைக் காட்டி "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நினைத்த நேரத்தில் தன்னைப் பெற்றவளைப் போய்ப் பார்க்க அவளால் முடிகிறதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.